ஒடிசா மலைக்கிராமங்களில் ஆஷா பணியாளர்களின் மலேரியா வேலை: கிட், மாத்திரை, கொசுவலை பற்றிச் சில கேள்விகள்

குறிஞ்சி_நிலா:

வணக்கம். தெற்கு ஒடிசாவில், கோராபுட் பக்கத்து மலைக்கிராமங்களின் ஆஷா (ஊர் சுகாதாரத் தொண்டர்) பணியாளர்களுக்கு மலேரியா மறுபயிற்சிப் பாடம் தயாராகிறது. அவர்கள் புதியவர்கள் இல்லை. பல வருடமாக விரலில் குத்தி, மலேரியாவைக் கண்டறியும் கிட் போட்டு, மாத்திரை கொடுத்து வருபவர்கள். அதனால் "மலேரியா கொசுவால் வருகிறது" என்று ஆரம்பித்தால் அவர்கள் நேரம் வீண்.

பின்னணி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 2016-ல் ஒடிசாவில் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்த நோயாளிகள் எண்ணிக்கை, 2017-ல் தமன் முகாம்களும் (ஊரில் எல்லோருக்கும் கிட் போட்டு மருந்து கொடுக்கும் அரசு முகாம்) ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்திட்ட கொசுவலைகளும் வந்தபின் 2018-ல் சுமார் 66 ஆயிரமாக இறங்கியது. 2022-க்குப் பிறகு மறுபடி ஏறத் தொடங்கியது. முகாம் முடிந்து அடுத்த முகாம் வரும்வரை ஊரில் இருப்பவர் ஆஷா ஒருவர்தான். அந்த இடைக்காலத்தில் வேலை எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் பாடமாக்க வேண்டும்.

நான்கு இடத்தில் சிக்கல். முகாமில் பாசிட்டிவ் வந்து முழு மருந்தும் சாப்பிட்டவருக்கு மூன்று வாரம் கழித்தும் கிட்டில் கோடு விழுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று ஊரில் பேச்சு. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கான 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை பாதியில் நிற்கிறது. வலை இருக்கிறது, ஆனால் பயிர் முற்றும் காலத்தில் ஆட்கள் தூங்குவது மலைச்சரிவுக் காவல் குடிசையில். மழையில் பாதை அறுந்தால் கிட்டும் மாத்திரையும் தீர்ந்துவிடுகின்றன. இந்த வேலை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

நுண்ணோக்கி:

மூன்று வாரம் கழித்து விழும் கோட்டிலிருந்து தொடங்குகிறேன். இதை ஆஷாவுக்குச் சரியாக விளக்காவிட்டால் ஊருக்கு மருந்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

நம் கிட் பார்ப்பது ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டு வகை ஒட்டுண்ணியை. அதில் ஃபால்சிபாரம் கோடு எச்.ஆர்.பி-2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் இரத்தத்தில் பல வாரம் சுற்றும். ஆள் குணமாகி வயலில் வேலை செய்துகொண்டிருப்பார், கிட் பாசிட்டிவ் என்று சொல்லும். வைவாக்ஸ் கோடு பிடிப்பது வேறொரு புரதம். அது சிகிச்சைக்குப்பின் சில நாளில் மறைந்துவிடும். ஆகவே, குத்துவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "போன ஒரு மாதத்தில் மலேரியா மாத்திரை சாப்பிட்டீர்களா?" ஆம் என்றால் கிட்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஸ்லைடு (நுண்ணோக்கியில் பார்க்க இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டு) எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சலே இல்லாதவருக்கு, குணமானதா என்று பார்க்க மறுபடி கிட் போடுவது தேவையே இல்லை.

இனி கை வேலை. பல வருட அனுபவம் உள்ளவர்களிடம்தான் இந்தத் தவறுகள் அதிகம், ஏனென்றால் பழைய கம்பெனி கிட்டின் பழக்கம் கையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு கம்பெனி கிட்டுக்கு இரண்டு சொட்டு பஃபர் (கிட்டோடு வரும் கரைசல்), இன்னொன்றுக்கு நான்கு. ஒன்றில் 15 நிமிடம், இன்னொன்றில் 20. புதுப் பெட்டி வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் தாளைப் பார்த்து, சொட்டையும் நிமிடத்தையும் பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் ஒடியாவில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பெட்டியின் பஃபரை இன்னொரு பெட்டியின் கிட்டுக்கு ஊற்றுவது கூடவே கூடாது.

தேவைப்படும் இரத்தம் 5 மைக்ரோலிட்டர்தான். கூடினால் பின்னணி முழுக்கச் சிவந்து மங்கலான கோடு தெரியாமல் போகும். குறைந்தால் பொய்யான நெகட்டிவ். விரலில் தடவிய ஸ்பிரிட் காய்வதற்கு முன் குத்தினால் இரத்தம் சொட்டாக நிற்காமல் பரவிவிடும், அளவு தவறும். முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். இரத்தக் குழி வேறு, பஃபர் குழி வேறு. மாற்றி விடுவது இன்றும் நடக்கிறது. உறையைக் கிழித்ததும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் அந்தக் கிட்டில் ஈரம் ஏறிவிட்டது, தூக்கிப் போடுங்கள். கிழித்த கிட்டை "பக்கத்து வீட்டுக்கு ஆகும்" என்று பையில் வைக்கக் கூடாது.

படிக்கும்போது: கிட் ஓடியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு விழவில்லை என்றால் மற்ற கோடு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது செல்லாது, புதிய கிட் போட வேண்டும். மங்கலான கோடும் பாசிட்டிவ்தான். அரை மணிக்கு மேல் கடந்து பார்த்தால் இல்லாத கோடு தோன்றும். ஐந்து வீட்டில் கிட் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொன்றாகப் படிக்கும் வழக்கம் இந்தத் தவறின் ஊற்று. ஒவ்வொரு கிட்டிலும் பெயரும் போட்ட நேரமும் பென்சிலால் எழுதியே ஆக வேண்டும்.

ஸ்லைடு பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் தடவிய ஸ்லைடைத் திறந்து வைத்தால் ஈயும் கரப்பானும் தின்றுவிடும். பல நாள் வெப்பத்தில் கிடந்தால் தடித்த படலம் தானாகக் கெட்டிப்பட்டு, சாயம் போட்டாலும் சிவப்பணு கரையாமல் நின்றுவிடும். மூடியுள்ள ஸ்லைடு பெட்டியும், மறுநாளே அதைக் கொண்டுபோக ஓர் ஆளும் இல்லையென்றால் ஸ்லைடு எடுப்பது வெறும் கணக்குக்குத்தான்.

---

மலையோர_மருத்துவர்:

நுண்ணோக்கி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிட் நெகட்டிவ் என்றால் "மலேரியா இல்லை" என்று முடித்துவிடக் கூடாது. காய்ச்சல் விடவில்லையென்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் கிட்டுக்கு எட்டாது.

மாத்திரைக்கு வருகிறேன். 2013 தேசிய மருந்துக் கொள்கைப்படி, வடகிழக்கு மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிசுனேட் மூன்று நாள், முதல் நாள் அதனுடன் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின், இரண்டாம் நாள் பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை. மாத்திரை அட்டையின் நிறம் வயதைச் சொல்கிறது: ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு, 1 முதல் 4 வரை மஞ்சள், 5 முதல் 8 வரை பச்சை, 9 முதல் 14 வரை சிவப்பு, 15-க்கு மேல் வெள்ளை. வடகிழக்கில் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின், அது ஆறு வேளை. உங்கள் மாவட்டக் கிடங்கிலிருந்து இப்போது எந்தக் கூட்டு மருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு அதற்குத் தகுந்த பாடம் எழுதுங்கள். இரண்டையும் ஒரே பாடத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் மூன்று நாள்: பெரியவருக்கு 150 மி.கி. மாத்திரை 4, 4, 2. கூடவே பிரைமாகுயின் 14 நாள்: பெரியவருக்குத் தினம் 15 மி.கி., 9-14 வயதுக்கு 10, 5-8 வயதுக்கு 5, 1-4 வயதுக்கு 2.5. இரண்டும் கலந்த தொற்று என்றால் ஃபால்சிபாரத்துக்கான கூட்டு மருந்து மூன்று நாள், பிரைமாகுயின் 14 நாள்.

பிரைமாகுயின் யாருக்குக் கூடாது என்பது ஆஷாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: கர்ப்பிணி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, ஜி-6-பி-டி என்ற நொதியின் குறைபாடு இருப்பது தெரிந்தவர். கர்ப்பம் முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் அந்தக் கூட்டு மருந்தையும் ஆஷா தொடக்கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். "மாதவிடாய் எப்போது வந்தது?" என்ற கேள்வியைப் பெண்கள் எல்லோரிடமும் கேட்கப் பழக்குங்கள். புதிதாக மணமான பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதுதான் ஆபத்து.

முதல் வேளை ஆஷாவின் கண் முன்னாலேயே. வெறும் வயிற்றில் வேண்டாம், மண்டியாக் கூழ் (கேழ்வரகுக் கூழ்) இரண்டு வாய் குடித்தாலும் போதும். விழுங்கியபின் 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். அதற்குள் வாந்தி எடுத்தால், 15 நிமிடம் ஓய்வு கொடுத்துப் புதிய அட்டையிலிருந்து மறுபடி முதல் வேளை. திரும்பவும் வாந்தி என்றால் அதைக் கடும் மலேரியாவாகவே எடுத்து உடனே அனுப்பிவிட வேண்டும். வலிப்பு, நினைவு தடுமாறுதல், குடிக்க முடியாமை, மூச்சுத் திணறல், கண்ணிமை உள்பக்கம் வெளுத்தல், கறுத்த சிறுநீர் என்று எது இருந்தாலும் அட்டையைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள். வண்டியோ டோலியோ, கிளம்ப வேண்டும்.

14 நாள் ஏன் நிற்கிறது? நான்காம் நாள் உடம்பு சரியாகிவிடுகிறது, அவ்வளவுதான். அறிவுரையால் இது தீராது, யார் கையில் மாத்திரை இருக்கிறது என்பதால்தான் தீரும். 14 நாள் மாத்திரையையும் ஒரே பொட்டலமாகக் கொடுத்தால் பாதி அடுத்த காய்ச்சலுக்கு என்று கூரையில் செருகப்படும். முதல் மூன்று நாளும் ஆஷா நேரில் போகட்டும், எப்படியும் குளோரோகுயினுக்காகப் போவார். அப்புறம் நான்காம் நாள், ஏழாம் நாள், பதினோராம் நாள் என மூன்று பொட்டலமாகப் பிரித்து, காலி அட்டையை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுக்கட்டும். ஆசிரமப் பள்ளி விடுதியில் இருக்கும் பிள்ளை என்றால் விடுதிக் காப்பாளரிடம், தேதி எழுதிய உறைகளில். ஒவ்வொரு சந்திப்பிலும் சிறுநீர் நிறத்தைக் கேட்க வேண்டும். தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்தால், கண் மஞ்சளித்தால், மாத்திரையை அங்கேயே நிறுத்தி அனுப்ப வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆஷாவிடம் 14 நாள் பொட்டலத்தைக் கொடுக்காமல் இருப்பதே மேல். பயிற்சியில் இதற்குத் தனி நேரம் வையுங்கள்.

---

ஓடைக்கரை:

கொசுவின் பக்கத்திலிருந்து கொஞ்சம். உங்கள் மலைப்பகுதியில் முக்கியமாகப் பரப்புவது அனாஃபிலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ். மெதுவாக ஓடும் தெளிந்த மலையோடைகளின் புல்லோரத்தில் முட்டையிடும். மனித இரத்தத்தையே பெரிதும் விரும்பும், வீட்டுக்குள் நடு இராத்திரியில் கடித்துவிட்டு உள்ளேயே சுவரில் உட்காரும். சமவெளி வயல்களில் இருக்கும் குலிசிஃபேசிஸ் என்ற இன்னொரு அனாஃபிலஸ் மாட்டை நாடும். அதைவிட ஃப்ளூவியாட்டிலிஸ் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் நோயைப் பரப்புவதில் பல மடங்கு கெட்டிக்காரி. பயிற்சிக்கு இதனால் என்ன? தேங்காய்ச் சிரட்டை, டயர் கவிழ்க்கும் பாடத்தை இங்கே தூக்கிவிடுங்கள். அது டெங்குக் கொசுவுக்கு. ஓடுகிற ஓடைக்குள் புழுக்கொல்லி ஊற்றியும் பயனில்லை. இங்கே வேலை செய்வது வலையும் சுவர் மருந்தும்தான்.

இரண்டு பேருக்கு ஒரு வலை என்று கணக்கு. புதிய வலையை நிழலில் ஒரு நாள் விரித்துக் காற்றாட விட்டபிறகு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் முகம் எரிகிறது என்று முதல் இரவே சுருட்டி வைத்துவிடுவார்கள். சுமார் 20 முறை துவைக்கும்வரைதான் மருந்து நிற்கும், மூன்று வருடம் என்பது அந்தக் கணக்கில்தான். வாரா வாரம் ஓடையில் சாம்பல் போட்டு அடித்துத் துவைத்தால் ஆறு மாதத்தில் அது வெறும் துணி. குளிர்ந்த நீர், மென்சோப்பு, நிழலில் உலர்த்தல். துவைத்த நீரை ஓடையிலோ குளத்திலோ கொட்டக் கூடாது, மீன் சாகும்.

காவல் குடிசைக்கு: ஒரே வலையை ராத்திரிக்கு ராத்திரி வீட்டிலிருந்து மேலே தூக்கிச் செல்லச் சொன்னால் நடக்காது. குடிசைக்குத் தனி வலை வேண்டும். நான்கு மூங்கில் குச்சியை நட்டுவிட்டால் அங்கேயே கட்டலாம், விளிம்பைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். வலைப் பங்கீட்டுக்கு வீட்டுப் பட்டியல் எடுக்கும்போதே "மேலே யார் படுக்கிறார்கள், எத்தனை குடிசை" என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி மாவட்ட மலேரியா அலுவலகத்தில் முன்கூட்டியே பேசுங்கள். பங்கீடு முடிந்தபின் கேட்டால் அடுத்த மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

சுவர் மருந்தடிப்பில் ஆஷாவின் பங்கு மருந்தடிப்பது இல்லை, நாள் பார்ப்பது. மருந்தடித்த சுவரைச் சாணியும் மண்ணும் பூசி மெழுகினால் அந்தச் சுற்று அதோடு போச்சு. நுவாகாய் என்ற புத்தரிசிப் பண்டிகைக்கும் மார்கசிர மாத லட்சுமி பூஜைக்கும் முன் வீடு மெழுகுவார்கள். மெழுகி முடித்தபின் மருந்தடிக்கக் குழுவை வரச் செய்ய ஆஷாவால் முடியும். ஊர்ப் பண்டிகை நாள் வட்டாரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வாசலோடு சேர்த்து உள் அறைக்கும் அடிக்க வேண்டும். சாமி அறை, தானியக் குதிர் இருக்கும் அறை என்று பூட்டி வைப்பார்கள், கொசு போய் உட்காருவது அங்கேதான்.

---

குறிஞ்சி_நிலா:

மூவருக்கும் மிக்க நன்றி. பொட்டலத்தை மூன்றாகப் பிரிப்பது நல்ல வழி டாக்டர், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். மழைக்கால இருப்பை எப்படிக் கணக்கிடுவது? காய்ச்சல் வந்ததும் முதலில் திசாரியிடம்தான் (பூஜை செய்து நோய் தீர்க்கும் ஊர் வைத்தியர்) போகிறார்கள். ஆஷாவிடம் வரும்போது மூன்று நாள் ஆகிவிடுகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

---

இருப்புப்பதிவேடு:

இருப்புக்கு நான் பதில் சொல்கிறேன். மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடாதீர்கள். பிப்ரவரியும் ஆகஸ்டும் சேர்ந்த சராசரி இரண்டுக்கும் உதவாது. போன வருடம் ஜூலை முதல் அக்டோபர்வரை அந்த ஊரில் அதிகபட்சக் காய்ச்சல் எந்த மாதம் என்று எம்-1 படிவத்தில் (ஆஷா நிரப்பும் காய்ச்சல் பதிவு) பாருங்கள். உதாரணமாக அந்த மாதம் 20 காய்ச்சல், பாதை இரண்டு மாதம் அறும் என்றால் 40 கிட், செல்லாமல் போவதற்கும் திடீர் ஏற்றத்துக்கும் கால் பங்கு சேர்த்து 50. ஐந்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் இரண்டு மாதத்துக்கு எட்டு சிகிச்சை. அதை வயதுவாரியாகப் பிரித்துவிட்டு, எந்த நிறமானாலும் இரண்டு அட்டைக்குக் குறையாமல் வையுங்கள். மஞ்சள் அட்டை ஒன்றுகூட இல்லாத பையில் வெள்ளை அட்டை இருபது இருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன பயன்? பெரியவர் அட்டையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜூன் முதல் வாரத்துக்குள் இது ஊர் சேர வேண்டும். வட்டாரத்தில் கேட்பு எழுதுவது ஏப்ரலில். ஆனால் ஏப்ரல், மே மாதமே முழு இருப்பையும் ஆஷா வீட்டில் இறக்காதீர்கள். கம்பெனியைப் பொறுத்து, கிட்டை 30 அல்லது 40 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழ் கோடையில் 40-ஐத் தாண்டும். சூடேறிய கிட் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒழுங்காகக் காட்டிக்கொண்டே நோயைத் தவறவிடக்கூடும், வெளியில் பார்த்தால் தெரியாது. கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் கொடுத்து, மிச்சத்தைத் துணை சுகாதார நிலையத்தில் வைத்து, முதல் மழைக்குமுன் இறக்குங்கள். ஆஷா வீட்டில் மண்சுவர் அறையில், தரைக்குச் சற்று மேலே, அடுப்பிலிருந்து தள்ளி, மூடியுள்ள டப்பாவில்.

காலாவதித் தேதி முன்னால் வருவது மேலே இருக்க வேண்டும். ஆஷாவிடம் மூன்று மாதத்துக்குள் காலாவதி ஆகும் பெட்டி இருந்தால், அதைக் காய்ச்சல் அதிகமுள்ள பக்கத்து ஊருக்கு மாற்ற ஏ.என்.எம்.-க்கு (துணை சுகாதார நிலையச் செவிலியர்) அதிகாரம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஊரில் வீணாகி இன்னொரு ஊரில் இல்லாமல் போகும்.

பணத்தையும் பேசியாக வேண்டும். தேசிய சுகாதாரத் திட்டப் பட்டியலில் ஒரு பரிசோதனைக்கு ஒரு தொகை, சிகிச்சையை முடித்துக் கொடுத்தால் இன்னொரு தொகை என்று ஆஷாவுக்கு இருக்கிறது. 14 நாள் நடந்து காலி அட்டை வாங்கி வருபவருக்கு அந்தத் தொகை மாதக்கணக்கில் வராவிட்டால், அடுத்த நோயாளிக்குப் பொட்டலம் ஒரே தடவையில்தான் போகும். பயிற்சியின் அரை நாளை எம்-1 நிரப்புவதற்கும் கோரிக்கைப் படிவத்துக்கும் ஒதுக்குங்கள். பெயர், வயது, கிட் முடிவு, மருந்து தொடங்கிய தேதி, முடித்த தேதி ஐந்தும் சரியாக இருந்தால் திருப்பி அனுப்பக் காரணம் இருக்காது.

---

மலையோர_மருத்துவர்:

திசாரி விஷயம். அவரை எதிரியாக்கினால் மூன்று நாள் ஐந்து நாளாகும். ஃபால்சிபாரத்தில் சின்னக் குழந்தை ஒரே நாளில் கடும் நிலைக்குப் போய்விடும், ஆகவே நாம் காப்பாற்ற வேண்டியது அந்த முதல் 24 மணி நேரம். பூஜையை நிறுத்தச் சொல்லாதீர்கள். "காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் ஆஷாவைக் கூப்பிட்டு விரலில் குத்திவிடுங்கள், கிட் பார்க்கும் நேரத்தில் உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று திசாரியிடம் நேரில் போய்ப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கிட் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கே காட்டுங்கள். ஆஷாவை மட்டும் அனுப்பாமல் ஏ.என்.எம்.மும் கூடப் போவது நல்லது. ஆஷா அதே ஊர் மருமகள், அவர் தனியாகப் போய்ப் பெரியவரிடம் பேசுவது கடினம்.

ஆபத்து அறிகுறிகளையும் அவருக்குச் சொல்லுங்கள். வலிப்பு வந்த குழந்தையைப் பேய் பிடித்தது என்று இராத்திரி முழுக்க வைத்திருந்தால்தான் உயிர் போகிறது.

---

நுண்ணோக்கி:

கடைசியாக ஒன்று விட்டுப்போனது. எல்லைப் பக்க ஊர்களில், தெலங்கானா, ஆந்திர மிளகாய்க் காட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஏப்ரல் வாக்கில் வருவார்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் திரும்பிய வாரமே அவர்களுக்கு ஒரு கிட். முகாமில் எல்லோருக்கும் போடுவதே காய்ச்சல் இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களைப் பிடிக்கத்தான். முகாம் நாளில் ஊரில் இல்லாதவர் பட்டியலை ஆஷா தனியாக எழுதி வைத்து, அவர்கள் வந்ததும் முடிக்க வேண்டும். பட்டியலில் மேலே இருக்க வேண்டியவர்கள் காவல் குடிசையில் தங்குபவர்கள், விடுதிப் பிள்ளைகள், வெளியூர் வேலைக்குப் போனவர்கள். முகாம் தவறவிடுவது எப்போதும் இவர்களைத்தான்.